காற்றைக் குடித்த பம்ப்

கார்களின் டாஷ்போர்டில் ஆயில் அழுத்தத்துக்கென்று ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதன் சின்னம் அலாவுதீன் படங்களில் வரும் விளக்கைப் போலவே இருக்கும். மூக்கு நுனியில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். கதையில் விளக்கைத் தேய்த்தால் பூதம் வந்து கேட்டதைக் கொடுக்கும். காரில் இந்த விளக்கு எரிந்தால் வருகிறவர் மெக்கானிக். அவர் எதையும் கொடுக்கமாட்டார்.

ஊருக்குள் ஓடும் காருக்கு இந்த விளக்கு போதும். பந்தயப் பாதையில் போதாது. பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டுக்கும் கீழே விழுந்த பிறகுதான் இதன் சுவிட்ச் விழித்துக்கொள்கிறது. பந்தய மெக்கானிக்குகள் வழிவழியாக வைத்திருக்கும் கணக்கோ வேறு: நிமிடத்துக்கு ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் பத்து பவுண்டு. 6,000 சுற்றில் 60 பவுண்டு வேண்டும். அது 30 ஆனாலும் விளக்கு எரியாது, 15 ஆனாலும் எரியாது. அந்த இடைவெளியில்தான் இன்ஜின்கள் சாகின்றன.

இப்படி இரண்டு இன்ஜின்களைச் சாகக் கொடுத்தவர் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில், டிசைன் பிரிவில் இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பந்தய வீரர் அல்ல, ஆகும் உத்தேசமும் இல்லை. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி என்ற சிக்கனமான பந்தயக் காரை உருவாக்கி, 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவர்தனின் பெயரைத் தாங்கிய பாதை அது. நீளம் 2.1 கிலோமீட்டர். ஆர்வலர்களுக்குப் பாதையைத் திறந்துவிடும் நாட்களில் கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, சொந்தக் காரை அங்கே ஓட்டுவது இவர் பழக்கம். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் கச்சேரி, இவருக்கு இது.

கார், பழைய 1,300 சிசி செடான். பின் சீட்டையும் ஏசியையும் கழற்றி எடையைக் குறைத்து, பிடிப்பு அதிகமுள்ள டயர்களைப் போட்டார். வினை அந்த டயரில்தான் ஆரம்பித்தது. வழுக்கும் டயரில் வளைவில் வேகமாகப் போனால் கார் வழுக்கிவிடும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். நல்ல டயர் காரைப் பிடித்துக்கொள்கிறது. காருக்குள் இருக்கும் எண்ணெயைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

கிராங்குக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. புத்தகங்கள் சம்ப் என்பதை நம் ஊர் பட்டறைகள் ஆயில் சேம்பர் என்கின்றன. சிறிய காரில் அதன் கொள்ளளவு மூன்று, நான்கு லிட்டர். அதன் அடிமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு குழாய் வாய், அதில் சல்லடை. பம்ப் அதன் வழியாக ஆயிலை உறிஞ்சி ஃபில்டருக்கும் அங்கிருந்து பேரிங்குகளுக்கும் அனுப்புகிறது. கார் வளைவில் திரும்பும்போது ஏற்படும் பக்கவாட்டு விசை, புவியீர்ப்பு விசைக்குச் சமமானால், சேம்பரில் இருக்கும் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ஒரு பக்கச் சுவரில் ஆயில் ஏறிக்கொள்ள, மறுபக்கம் தரை தெரியும். குறுகிய வளைவு என்றால் ஒரு வினாடியில் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நீண்ட வளைவில் திரும்பாது. 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் 10, 11-ஆம் வளைவுகள் சேர்ந்து ஒரே நீண்ட வலது சுற்றாகப் போகும். அந்த மாதிரி இடங்களில் ஆயில் இடது சுவரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. போதாததற்கு, அதிகச் சுற்றில் ஓடும் இன்ஜினில் கணிசமான ஆயில் மேலே சிலிண்டர் ஹெட்டில் இருக்கும், அல்லது அங்கிருந்து வழிந்து வந்துகொண்டிருக்கும். சேம்பரில் இருப்பதே குறைவு. அதுவும் குழாய் வாயில் இல்லை.

அதன் விளைவு என்ன என்பதைப் புரிந்துகொள்ள 1883-க்குப் போகவேண்டும். இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற இன்ஜினியர், ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மர ஆப்பு வைத்து அடித்தார், அதையும் மெல்லத் தள்ளிவிட்டது. கடைசியில் 200 பவுண்டு வரை காட்டும் அழுத்தமானியை மாட்டியபோது, முள் அந்த எல்லையையும் தாண்டியது. சுழலும் அச்சே எண்ணெயை ஆப்பு போல அடியில் இழுத்துச் செருகி, அதன் மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் எந்தக் கார் இன்ஜினிலும் கிராங்க் ஓடும்போது பேரிங்கைத் தொடுவதில்லை. முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. பம்பின் வேலை அந்தப் படலத்துக்குத் தீனி போடுவது மட்டுமே. தீனி நின்றால், படலம் சில கணங்களில் கிழிந்து உலோகமும் உலோகமும் உரசும்.

செட்டிப்பாளையத்தில் முதல் இன்ஜின் போன நாளில் அவருடைய காரில் புத்தம் புது ஆயில் கூலர் இருந்தது என்பதுதான் வேடிக்கை. கோடையில் ஆயில் சூடு 140 டிகிரியைத் தொடுவதைப் பார்த்து, ஒரு மாதச் சம்பளத்துக்கு நெருக்கமாகச் செலவழித்து அதை மாட்டியிருந்தார். சூடு இறங்கியது. நிம்மதியாக இருந்தார். ஏழாவது சுற்றில் ஒரு வலது வளைவிலிருந்து வெளியே வரும்போது கீழிருந்து டக், டக் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு எரியவே இல்லை. பிரித்துப் பார்த்ததில் ஒரு கனெக்டிங் ராட் பேரிங் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்து, கிராங்கின் அந்த இடம் நீலம் பாரித்திருந்தது.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கிராங்கைக் கிரைண்டிங் செய்து, புதுப் பேரிங் போட்டு, காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். முந்நூறு கிலோமீட்டர் கூட ஓடவில்லை. பந்தயப் பாதை பக்கமே போகவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது அதே டக், டக்.

இரண்டாவது இன்ஜினைப் பிரித்தவர் வேறொருவர். சிங்காநல்லூர் பக்கம் தகரக் கூரைப் பட்டறை வைத்திருக்கும் அறுபது வயது மெக்கானிக். பேரிங்குகளை ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரிங்கின் மேற்பரப்பு முழுக்கப் பொடி உலோகத் துகள்கள் பதிந்திருந்தன.

“தம்பி, ஆயில் கூலரைப் போன தடவை மாத்துனாங்களா?”

“இல்லைங்கண்ணே. புதுசுதானேன்னு கழுவி மாட்டிட்டாங்க.”

“கழுவுனா போகாதுங்க. உள்ளார சந்து சந்தா இருக்குமில்லீங்க.”

இதை நிறையப் பேர் தெரிந்துவைத்திருப்பதில்லை. ஒரு பேரிங் உடைந்தால் அதன் துகள்கள் ஆயிலோடு கூலருக்குள் போய், நுண்ணிய தகட்டு இடுக்குகளில் தங்கிவிடும். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினாலும் முழுசாக வராது. பிறகு ஆயில் சூடாகி இளகி ஓடும்போது ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா என்றால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கெட்டியாக இருக்கும். அழுத்தம் தாங்காமல் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயில் நேராக உள்ளே போகும். பேரிங் போன இன்ஜினின் கூலரைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை, விலை எவ்வளவாக இருந்தாலும் சரி. முதல் இன்ஜின் பட்டினியால் செத்தது. இரண்டாவதைக் கொன்றது விஷம்.

பட்டினிக்குக் காரணம் கேட்டபோது மெக்கானிக் சேம்பரைக் காட்டவில்லை, கிணற்றைக் காட்டினார்.

“சித்திரை மாசத்துல கெணத்துத் தண்ணி எறங்கிப் போச்சுன்னா மோட்டார் என்னங்க பண்ணும்?”

“காத்து இழுக்கும்ங்கண்ணே.”

“இழுத்துட்டு?”

“தண்ணி விட்டு விட்டு வரும். அப்புறம் நின்னுரும்.”

“அதேதானுங்க. நீங்க கெணத்துக்குப் பந்தல் போட்டிருக்கீங்க. ஃபுட்வால்வு தண்ணிக்குள்ள இருக்குதான்னு பார்க்கலையே!”

பம்ப் கம்பெனி டிசைன் பிரிவுக்காரருக்கு இதை ஒரு பட்டறையில் சொல்லவேண்டியிருந்தது. அவருக்கு அவமானமாக இல்லை, சிரிப்புதான் வந்தது. உறிஞ்சும் வாயில் காற்று புகுந்தால் எந்தப் பம்பும் அழுத்தத்தைக் கைவிடும் என்று வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவதே அவர் வேலைகளில் ஒன்று. உள்ளே போன காற்று உடனே வெளியேறுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். நுரையாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். நுரைக்கு எடை தாங்கும் சக்தி கிடையாது.

இது ஏழைக் காரின் வியாதி மட்டும் அல்ல. போர்ஷ் 944 பந்தயப் பாதை ரசிகர்களுக்குப் பிரியமான கார். அதில் இரண்டாவது கனெக்டிங் ராட் பேரிங் முதலில் போகும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். முழுமையான மருந்து டிரை சம்ப்: சேம்பரில் ஆயிலைத் தங்கவே விடாமல் தனிப் பம்புகளால் உறிஞ்சி, உயரமான தனித் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து இன்ஜினுக்குக் கொடுப்பது. ஃபார்முலா ஒன் கார்கள் எல்லாம் அப்படித்தான். 1964-ல் விற்பனைக்கு வந்த போர்ஷ் 911 ஆரம்பத்திலேயே அப்படித்தான் வந்தது. ஆனால் அதைச் செய்ய ஆகும் பணத்தில் இவருடைய காரைப் போல இன்னொன்றை வாங்கிவிடலாம். நடுவழியாக அக்குமுலேட்டர் என்ற உருளை இருக்கிறது. இரண்டு, மூன்று லிட்டர் ஆயிலைக் காற்றழுத்தத்தோடு அடைத்து வைத்துக்கொண்டு, அழுத்தம் விழும் கணத்தில் உள்ளே தள்ளும். நல்ல சாதனம், இறக்குமதி விலை அவரை யோசிக்க வைத்தது.

மெக்கானிக் செய்தது அதைவிட எளியது. குழாய் வாயைச் சுற்றி சேம்பருக்குள் நான்கு பக்கமும் தகடு வைத்து ஒரு சிறிய அறை கட்டினார். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு கதவு. ஆயில் உள்ளே வரத் திறக்கும், வெளியே போக முயன்றால் சாத்திக்கொள்ளும். பார்த்ததும் இவருக்குப் புரிந்துவிட்டது: ஃபுட்வால்வின் மடிப்பேதான் அது. மேலே ஒரு மூடி, கிராங்க் சுழலும் காற்றில் ஆயில் தெறித்து ஏறாமல் இருக்க. சுவர்களும் கதவுகளும் இரும்புத் தகடு. ரப்பரோ பசையோ கிடையாது, சூடான ஆயிலில் அவை நாளடைவில் பிரிந்து சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். சேம்பரை இன்ஜினோடு சேர்க்கும்போது கேஸ்கெட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கும் பழக்கத்தையும் அவர் திட்டினார். உட்புறம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தால் அதுவும் சல்லடைக்குத்தான் போகும். வெல்டிங் முடிந்ததும் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தார். ஒரு மூலையில் ஈரப்புள்ளி தெரிந்தது. மறுபடி வெல்டிங், மறுபடி சுண்ணாம்பு. குழாய் வாய்க்கும் சேம்பரின் தரைக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் உருண்டை வைத்து அளந்தார். ரொம்ப நெருங்கினால் உறிஞ்ச முடியாது, ரொம்ப விலகினால் காற்று வரும். ஆறு முதல் பத்து மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். ஆயிலை அரை லிட்டர் கூடுதலாக ஊற்றச் சொன்னார். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. மட்டம் உயர்ந்து கிராங்கைத் தொட்டால் அது தயிர் கடைவதுபோல் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகே கூலர் பேச்சு வந்தது. கூலர் வேண்டாம் என்பதல்ல. 40 கிரேடு ஆயிலின் பிசுக்கு 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் இருக்கவேண்டும் என்பது விதி. 140 டிகிரியில் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று ஒரு பழைய கணக்கும் உண்டு. டாஷ்போர்டின் தண்ணீர் மீட்டர் இதைச் சொல்லாது. தண்ணீர் 90 டிகிரியில் சாதுவாக நிற்கும்போதே ஆயில் அதைவிட ஐம்பது டிகிரி மேலே கொதித்துக்கொண்டிருக்கலாம்.

ஆயில் வரலாற்றில் சூட்டுக்கு அஞ்சாத ஒன்று நம் வீட்டிலேயே இருந்தது: விளக்கெண்ணெய். முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி இன்ஜின்கள் ஆமணக்கெண்ணெயில்தான் ஓடின, அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால். காஸ்ட்ரால் என்ற பெயரே காஸ்டர் எண்ணெயிலிருந்து வந்தது. ஆமணக்கு விளைச்சலில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு, அதிலும் குஜராத்துக்கு. உதவாக்கரையைத் திட்ட நாம் பயன்படுத்தும் வார்த்தை ஒரு காலத்தில் ஆகாயத்தில் பறந்திருக்கிறது. அதைக் காருக்கு ஊற்றிவிடவேண்டாம்; சீக்கிரம் பிசின் கட்டிவிடும்.

புதுக் கூலரை மாட்டும்போது மூன்று மாற்றங்கள் செய்தார்கள். முன்பு பைப் மெல்லியது. ஆயில் அதில் நெரிபட்டு அழுத்தத்தின் ஒரு பகுதி வழியிலேயே செலவானது. இப்போது உள்விட்டம் 16 மில்லிமீட்டர். ஃபில்டருக்கு அடியில் வைக்கும் தட்டில் தெர்மோஸ்டாட் வந்தது. ஏறக்குறைய 80 டிகிரி வரும்வரை ஆயில் பெருமளவு கூலர் பக்கம் போகாது. இது ஆடம்பரம் அல்ல. ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கெடுதல்தான், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது. மூன்றாவதாக, கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி வைத்திருந்ததை எடுத்து பம்பரின் ஓரத்துக்கு மாற்றி, காற்று வரவும் போகவும் தகரத்தில் வழி அமைத்தார்கள். காற்று உள்ளே வர எல்லோரும் வாய் வைக்கிறார்கள். வெளியே போக வழி வைப்பவர்கள் குறைவு.

இன்ஜினை முதலில் ஓட்டவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, செல்ஃப் மோட்டாரால் மட்டும் சுற்றி, கூலரும் பைப்பும் நிரம்பி, புது அழுத்தமானியின் முள் எழும்பும் வரை காத்திருந்தார்கள். அந்த முள் எழ எடுத்துக்கொண்ட நேரத்தில் யாரும் பேசவில்லை. இந்த மூன்றாவது இன்ஜினுக்கான பணம் வீட்டில் வேறொன்றுக்காக எடுத்து வைத்திருந்தது. மனைவி மறுப்புச் சொல்லவில்லை; ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். இதுவும் போனால் கார் பழைய இரும்புக் கடைக்கு.

அழுத்தமானி இருந்தாலும், வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மனிதன் அதைப் பார்க்க முடியாது. பார்த்தால் மதில்தான். அதற்காக இரண்டு ஏற்பாடுகள். 20 பவுண்டுக்குக் கீழே விழுந்தால் முகத்துக்கு எதிரே பளிச்சென்று எரியும் பெரிய விளக்கு ஒன்று. ஐட்லிங்கில் அது சும்மா எரியும், பழகிக்கொள்ளலாம். இன்னொன்று, ஒரு பழைய மொபைல் போனின் கேமரா மீட்டரையே பார்க்கும்படி கட்டிவைக்கப்பட்டது. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஓடவிட்டுப் பார்க்கலாம்.

மெக்கானிக் இன்னொரு வேலையும் செய்தார். ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் துளை போட்டு, அது கழன்றுவிடாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டினார். ஃபில்டருக்கும் ஒரு பட்டை. ஒவ்வொரு பைப் இணைப்பிலும் பெயின்ட்டால் கோடு போட்டார், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். “உங்க இன்ஜின் போனா உங்க காசோட போச்சுங்க தம்பி. பாதையில ஆயில் ஊத்திட்டுப் போனா, பின்னால வர்றது யாரு வீட்டுப் பையனோ!” அதே பாதையில் மோட்டார் சைக்கிள்களும் ஓடுகின்றன. இரண்டு சக்கரத்துக்கு ஒரு சொட்டு போதும். முதல் இன்ஜின் போனபோது சேம்பர் உடையாமல் தப்பியது. அது எந்தக் கைகளின் திறமையாலும் அல்ல என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவர்களின் முகங்களை யோசித்துப் பார்க்க முயன்றார். ஹெல்மெட்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

செட்டிப்பாளையத்தில் மறுபடி ஓட்டிய நாளில் முதல் இரண்டு சுற்றை மெதுவாகவே போனார், ஆயில் 80 டிகிரி தாண்டும்வரை. பிறகு எட்டு சுற்று. கடைசிச் சுற்றை மறுபடி மெதுவாக முடித்து, உடனே நிறுத்தாமல் சிறிது நேரம் இன்ஜினை ஓடவிட்டார். பெரிய விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. எரியாத விளக்கை நம்பி ஏமாந்தவர் என்பதால் அதில் அவருக்குச் சமாதானம் இல்லை. போனில் பதிவானதைப் பார்த்தார். பழைய வலது வளைவில் முள் 58-லிருந்து 52-க்கு இறங்கி, நடுங்கி, திரும்ப ஏறியது. ஆயில் சூடு 112.

மறுநாள் பட்டறையில் ஆயிலை வடித்தார்கள். ஃபில்டரை ரம்பத்தால் அறுக்கவில்லை, அறுத்தால் ரம்பத் தூளே உள்ளே விழும். தகரம் வெட்டும் கட்டரால் சுற்றிலும் வெட்டினார் மெக்கானிக். உள்ளே இருந்த மடிப்புத் தாளைப் பிரித்து, பிழிந்து, அதே வெள்ளைத் துணியில் நீளமாக விரித்தார். இருவரும் குனிந்தார்கள். வெயிலில் இரண்டு மூன்று இடங்களில் ஏதோ மினுங்கியது. காந்தத்தைக் கொண்டுபோனார். ஒட்டவில்லை.

“அப்ப பேரிங்காண்ணே?”

அவர் ஒரு துகளை விரல் நுனியில் எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். மாவு மாதிரி கரைந்துபோனது.

“புது இன்ஜினுக்கு இம்புட்டு இருக்குமுங்க. அடுத்த ஆயில் மாத்தறப்ப இதுல பாதிகூட இருக்கக் கூடாது. தாளை எடுத்து வைங்க, தேதி எழுதி.”

அவர் பர்ஸிலிருந்து பேனாவை எடுத்தார். மெக்கானிக் புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவ ஆரம்பித்தார்.